டாப்ஸின் நீளம் எங்கே இடறுகிறது? 50-ஐத் தாண்டியவர்களின் கோடை உடைக்கு, கோளாறு வாரியாக

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தையல் கடைக்கு வரும் பைகளில் இருக்கும் துணி மாறிவிடும். தை மாதம் வரை பட்டுப் பிளவுஸும் சேலை ஃபால்ஸும்தான். வெயில் ஏற ஏறக் காட்டன் டாப்ஸும் கவுனும் வரத் தொடங்கும். ஈரோட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், 30 வருடமாகச் சேலை தவிர வேறு உடுத்தாத அக்காமார்கூட, ‘வெளிய போகவர ஒரு டாப்ஸ் போட்டுக்கலாமாட்ட இருக்குது’ என்று மனம் மாறுகிறார்கள். மகளோ மருமகளோ ஆசையாக வாங்கிக் கொடுத்திருப்பார்கள். துணி நன்றாக இருக்கும், நிறம் பிடித்திருக்கும், மாரளவும் சரியாக இருக்கும். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் என்னவோ சரியில்லை.

அந்த ‘என்னவோ’ பெரும்பாலும் கீழ்மடிப்பில் இருக்கிறது. இரண்டு இஞ்ச் ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்கும். ‘எனக்கு இதெல்லாம் பொருந்தாது, வயசாயிருச்சு’ என்று மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உடம்பில் குறை இல்லை, வயதிலும் இல்லை. சேலையில் நீளம் என்ற கேள்வியே வருவதில்லை. அது பாதம் வரை விழும், கொசுவத்தை ஏற்றி இறக்கினால் முடிந்தது. வாழ்நாள் முழுக்கச் சேலை கட்டியவருக்கு, ஒரு துணி தன் காலில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பார்த்துப் பழக்கமே இருக்காது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும்.

முதலில் உங்கள் நீளத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வெளியே போட்டுப் போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு பெரிய கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூட இருப்பவரை அதன் கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே மடிக்கச் சொல்லுங்கள். கால் நன்றாகத் தெரியும் இடம் இரண்டு வரும். முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறதே, அது ஒன்று. கெண்டைச்சதை முடிந்து கால் ஒடுங்கி, கணுக்காலுக்குப் போகும் முன் இருக்கும் மூன்று இஞ்ச் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில், கெண்டைச்சதை திரண்டிருக்கும் இடத்தில் துணி நின்றால் கால் தடித்துத் தெரியும். துணி முடியும் இடத்தில்தான் பார்ப்பவர் கண் நிற்கிறது. அங்கே என்ன அகலம் தெரிகிறதோ, மறைந்திருக்கும் மேல்காலும் அதே தடிமனாக இருக்கும் என்று கண் எடுத்துக்கொள்கிறது.

அந்த இரண்டு இடமும் தரையிலிருந்து எத்தனை இஞ்ச் என்று டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். தோளிலிருந்து கீழே அளப்பது கடைக்காரர் கணக்கு. மாரும் வயிறும் முதுகும் வழியில் எவ்வளவு துணியை எடுத்துக்கொள்ளும் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. தரையிலிருந்து மேலே அளந்த கணக்கு பொய் சொல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 5 அடி 1 இஞ்ச் உயரமுள்ள ஒருவருக்கு முழங்கால் பள்ளம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 இஞ்சில் வரும், கால் ஒடுங்கும் இடம் 6 அல்லது 7 இஞ்சில் வரும். டாப்ஸ் நீளமாகச் சொன்னால் 36, 37 இஞ்ச் ஒன்று, 45 இஞ்ச் ஒன்று. கடைகளில் நிறையத் தொங்குவது 40, 42 இஞ்ச் டாப்ஸ். அது இவருக்கு நேராகக் கெண்டைச்சதையின் மேல்தான் வந்து உட்காரும். உயரமான பெண்ணுக்கு அழகாக நிற்கும் அதே துணி, நம் ஊர் அக்காமார் பலருக்குக் குட்டையாகக் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

10 வருடத்துக்கு முன் எழுதி வைத்த அளவை நம்ப வேண்டாம். வயதாகும்போது முதுகெலும்பின் வட்டுகள் தேய்வதால் உயரம் கொஞ்சம் குறையும்.

முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது

கடைக்கு வரும் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். பின்னால் சரியாக இருக்கும், முன்னால் மட்டும் துணி ஏறி, முழங்காலோ பேண்ட்டின் மடிப்போ தெரியும். பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பாருங்கள். பக்கத் தையல் நேராகத் தரையை நோக்கி விழாமல், கீழே போகப்போக முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மாரும் வயிறும் முன்பக்கத் துணியை எடுத்துக்கொண்டுவிட்டன. ஒல்லியான பெண்ணுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளம் போதும். பிள்ளை பெற்ற வயிறு இருந்தால் முன்பக்கத்துக்குக் கூடுதல் துணி வேண்டும். ரெடிமேடில் அதைக் கணக்கில் வைத்து வெட்டுவதில்லை.

போன வருடம் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் நீல நிறக் காட்டன் டாப்ஸ் ஒன்றைக் கொண்டு வந்தார். இரண்டே முறை போட்டிருக்கிறார்.

“ஏனுங்க, மாரளவு சரியாத்தானுங்களே இருக்குது. முன்னாடி மட்டும் எதுக்குங்க இப்படித் தூக்கீட்டு நிக்குது?”

“போட்டுட்டு வாங்க டீச்சர், பாத்துறலாம். நேரா நில்லுங்க. கீழ குனிஞ்சு பாக்காதீங்க.”

குனிந்து பார்க்கக் கூடாது என்பது முக்கியம். தலை குனிந்த நொடியே முன்மடிப்பு இறங்கிவிடும், அளவு தப்பாகிவிடும். அவரை எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நான் தரையில் மண்டி போட்டு மர ஸ்கேலை நிமிர்த்தி வைத்தேன். முன்னால் நடுவில் தரையிலிருந்து 14 இஞ்ச். பக்கத்தில் 13. பின்னால் பதினொன்றரை. இரண்டரை இஞ்ச் வித்தியாசம். அவருடைய முழங்கால் பள்ளத்தை அளந்தால் பதினாலரை. அப்படியானால் முன்பக்கம் ஏறவே இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பின்பக்கம்தான் கெண்டைச்சதை வரை தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேலை 14-இல் வைத்து, அவரை நகரவிடாமல் நான் சுற்றி வந்து சாக்கில் புள்ளி வைத்தேன். பின்பக்கத்தை அந்தக் கோட்டுக்கு வெட்டி, அரை இஞ்ச் மடிப்புக்கு விட்டு அடித்துக் கொடுத்தேன். முன்பக்கமும் அரை இஞ்ச் மடிப்புதான் என்பதால் அதைத் தொடவேயில்லை. அரை மணி நேர வேலை. டீச்சர் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார்.

முன்பக்கம் உண்மையாகவே குட்டையாக இருந்தால் இந்த வழி உதவாது. உள்மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு இஞ்ச் மடிப்பு இருந்தால் பிரித்து இறக்கலாம். ரெடிமேடில் பெரும்பாலும் அரை இஞ்ச்தான் இருக்கும். அப்போது சுற்றிலும் ஒரு பட்டி வைத்துத் தைப்பதுதான் வழி. முன்னால் இரண்டரை, பின்னால் ஒன்றரை என்று பட்டியையே ஏற்ற இறக்கமாக வெட்டினால், போட்ட பிறகு கீழ் ஓரம் நேராக நிற்கும்.

புதிதாகத் தைக்கக் கொடுக்கிறீர்களா? அளவு டாப்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த டாப்ஸில் இருக்கும் கோளாறு அப்படியே புதுசுக்கும் வரும். முன் நீளம் தனியாக, பின் நீளம் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். முன் நீளத்துக்கு டேப் தோளிலிருந்து மார் மேல் ஏறி இறங்க வேண்டும். ஒன்று, ஒன்றரை இஞ்ச் வித்தியாசம் வருவது சாதாரணம். ‘முன்னாடி சேத்தி விடுங்க, சைடுல டார்ட் புடிச்சிருங்க’ என்று சொன்னால் எந்தத் தையல்காரருக்கும் புரியும். டார்ட் என்பது துணியைக் கூம்பாக மடித்து அடிக்கும் சிறு பிடிப்பு.

பின்பக்கம் தூக்குகிறது

இது முன்னதற்கு நேர் எதிர். பக்கத் தையல் கீழே பின்பக்கமாகச் சாயும், கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டு போகும். கையால் கழுத்தை முன்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். முதுகு லேசாக வளைந்தவர்களுக்கு இது வரும். தைக்கும்போது பின்கழுத்துக்குக் கீழே ஒரு இஞ்ச் சேர்த்து வெட்டினால் மேலும் கீழும் இரண்டுமே சரியாகும். ரெடிமேடில் முதுகைச் சேர்க்க முடியாது. தரையிலிருந்து அளந்து முன்பக்கத்தை வெட்டிச் சமன் செய்யலாம், அவ்வளவுதான். கழுத்து இழுப்பது தீராது. அதனால் வாங்கும்போதே போட்டுப் பார்த்து, கழுத்து பின்னால் போனால் அந்த டாப்ஸை விட்டுவிடுங்கள்.

முதுகு நேராக இருந்தும் பின்பக்கம் ஏறினால் இடுப்பில் துணி பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே சைடு ஓப்பன் (பக்கத்துப் பிளவு) பற்றிச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்.

ஓரம் நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் குட்டையாகக் குண்டாகத் தெரிகிறேன்

வேட்டி வைத்துப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். மடிப்பு கெண்டைச்சதையில் நிற்கிறது. 42 இஞ்ச் டாப்ஸை 37-க்கு வெட்டுவது எளிது, ஆனால் அதற்கு முன் சைடு ஓப்பன் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நீளத்தைக் குறைத்தால் ஓப்பனும் குட்டையாகி, நடக்கும்போது தொடையில் பிடிக்கும். ஓப்பன் இல்லாமல், கீழே போகப்போக அகலமாகும் ஏ லைன் டாப்ஸ் என்றால் தாராளமாக வெட்டலாம்.

வெட்ட மனமில்லை என்றால் கீழே போடுவதை மாற்றிப் பாருங்கள். லெகின்ஸ் கெண்டைச்சதையை அப்படியே வரைந்து காட்டும். அதே 42 இஞ்ச் டாப்ஸுக்குக் கீழே, அதே நிறத்தில், கணுக்கால் வரை நேராக விழும் காட்டன் பேண்ட் போட்டால் மடிப்பு எங்கே நிற்கிறது என்பதே கண்ணில் படாது. நிறம் ஒன்றாக இருப்பதுதான் இதில் வேலை செய்கிறது. வெள்ளை பேண்ட்டும் கரும்பச்சை டாப்ஸும் போட்டால் கால் நடுவில் ஒரு கோடு விழும், உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும். கீழ் ஓரத்தில் பட்டையான பார்டர் வைத்த டாப்ஸ் கெண்டைச்சதையில் நின்றால் இன்னும் மோசம். பார்டர் வைத்தது பிடித்திருந்தால் 45 இஞ்சில் எடுங்கள், அழகாக இருக்கும்.

வெயில் காலத்தில் சாயங்காலம் ஆனால் பலருக்குக் கணுக்கால் வீங்கும். நரம்பு சுருட்டு இருப்பவர்களும் காலைக் காட்டத் தயங்குவார்கள். இவர்களுக்கும் நீளமானதே வசதி. பேண்ட்டின் கீழ்வாய் இறுக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவைத்தேன், ஏறிவிட்டது

காட்டன் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது இயல்பு. 45 இஞ்ச் டாப்ஸில் அது இரண்டு இஞ்ச் வரை போகும். கடையில் கால் ஒடுங்கும் இடத்தில் நின்றது, துவைத்ததும் கெண்டைச்சதைக்கு வந்துவிடும். அதனால் ரெடிமேட் காட்டன் எடுக்கும்போது உங்கள் நீளத்துக்கு ஒன்றரை இஞ்ச் அதிகமாக எடுங்கள். இரண்டு முறை துவைத்த பிறகுதான் வெட்ட வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். துணியாக எடுத்தால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுத் தைக்கக் கொடுங்கள். லைனிங் துணியையும் சேர்த்து ஊறப்போடுங்கள். மேல்துணி அப்படியே இருக்க லைனிங் மட்டும் சுருங்கினால் கீழே முழுக்க இழுத்துக்கொண்டு கொசகொசவென்று ஆகிவிடும். அதைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். எனக்கே ஒரு முறை இப்படி நடந்திருக்கிறது. ஒரு கடையில் ‘இது சுருங்காதுங்க்கா’ என்று சொன்னதை நம்பி நனைக்காமல் தைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த அம்மா திரும்பி வந்தார். லைனிங் முழுவதையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் நனைக்காமல் கத்தரி வைப்பதில்லை.

ரேயான் வேறு மாதிரி. அதுவும் சுருங்கும், ஆனால் ஈரமாக இருக்கும்போது கனத்து, பலமிழந்து, தன் எடையிலேயே இழுபடும். தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஓரம் அலை அலையாக இறங்கும். கொடியில் இடுப்பு மட்டத்தில் பாதியாக மடித்துப் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருக்கிறது

மூன்று காரணம் உண்டு. முதலில் தோளைப் பாருங்கள். சிலருக்கு ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், துணியும் அந்தப் பக்கம் இறங்கும். தாழ்ந்த தோளுக்குள் ஒரு மெல்லிய பேடு வைத்தால் மேலே சரியாகி, கீழேயும் சரியாகிவிடும்.

அடுத்தது குடை போல வட்டமாக வெட்டும் அம்பர்லா கட்டிங் கவுன். அதில் துணி சில இடங்களில் நேர் இழையிலும் சில இடங்களில் குறுக்கு இழையிலும் விழும். குறுக்காக விழும் இடங்கள் சில நாளில் இழுபட்டு இறங்கும். வாங்கிய அன்று வட்டமாக இருந்த ஓரம் நான்கு இடத்தில் வால் விட்டது போல் தொங்கும். தைக்கும்போது, மடிப்பு அடிக்கும் முன் ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, இறங்குவது இறங்கிய பிறகு தரையிலிருந்து அளந்து வெட்ட வேண்டும். அவசரமாக வேண்டும் என்று தையல்காரரை நெருக்கினால் இந்த ஒரு நாள்தான் முதலில் பறிபோகும். வாங்கியதிலும் இதே மாதிரிதான். வால்களைச் சாக்கில் குறித்து வெட்டி, மெல்லிய மடிப்பாக அடித்தால் போதும்.

மூன்றாவது பனியன் துணியின் முறுக்கு. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணிக் கவுன்கள் கிடைக்கும். வெயிலுக்கு அவ்வளவு சுகமாக இருக்கும். சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல் பனியன் துணியில் நூலின் முறுக்கினால், துவைத்த பிறகு பக்கத் தையல் மெல்லத் திரும்பி முன்பக்கம் வந்துவிடுவது உண்டு. ஓரமும் சாய்ந்துவிடும். இதை எந்தத் தையல்காரராலும் நிமிர்த்த முடியாது. வாங்கும்போதே இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பக்கத் தையல் இரண்டும் நேராக விழ வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள், எத்தனை மலிவாக இருந்தாலும் சரி.

காதர்பேட்டையைப் பற்றி இன்னொன்று. அங்கே இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு உயரத்துக்கு வெட்டியவை. அவர்களுக்கு முழங்காலில் நிற்கும் கவுன் நமக்கு அதற்குக் கீழே இறங்கும், அவர்களுக்குக் கெண்டைக்கால் வரை வருவது நமக்குக் கணுக்கால் பக்கம் வரும். எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்ற சீட்டைப் பார்க்காமல் கையோடு டேப் கொண்டு போய் நீளத்தை அளந்து எடுங்கள். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்குப் போனாலும் இதேதான். அந்தக் கூட்டத்தில் போட்டுப் பார்க்க முடியாது. டேப்பும், எழுதி வைத்த இரண்டு எண்ணும் இருந்தால் போதும்.

சைடு ஓப்பன் பிளந்து முன்துணி சிறகு போல விரிகிறது

ஓப்பன் அதிக உயரத்தில் இருக்கிறது என்று நினைத்து, மூன்று இஞ்ச் மூடித் தைத்துத் தரச் சொல்லி வருவார்கள். நான் உடனே தைக்க மாட்டேன். முதலில் இடுப்பின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பார்ப்பேன். பக்கத்துக்கு ஒரு இஞ்ச் கையில் கிள்ள வந்தால் மூடலாம். கிள்ளவே வரவில்லை என்றால் துணி இடுப்பில் பிடிக்கிறது, ஓப்பன் அதனால்தான் பிளக்கிறது. அதை மூடினால் துணி மேலேறி வயிற்றில் சுருக்கம் விழும், கீழ் ஓரமும் சுற்றிலும் ஏறும். மாரளவை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் கோளாறு இது. 50-க்கு மேல் பலருக்கு மாரை விட இடுப்பளவுதான் டாப்ஸைத் தீர்மானிக்கும். ஒரு அளவு பெரிதாக எடுத்து, தோளையும் மாரையும் பிடித்துக்கொள்வது நல்லது. கையில் இருப்பதையே காப்பாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இரண்டு இஞ்ச் அகலத்தில் ஒரு பட்டி இறக்கலாம். அச்சுத் துணிக்கு ஒரே நிறத்தில் பட்டி வைத்தால் வேண்டுமென்றே வைத்தது போல அழகாகவே இருக்கும்.

நின்றால் சரி, உட்கார்ந்தால் முழங்கால் தெரிகிறது

கண்ணாடி முன் நின்று மட்டும் பார்த்ததன் விளைவு. உட்காரும்போது மூன்று நான்கு இஞ்ச் ஏறிவிடும். பேண்ட் இல்லாமல் கவுனாகப் போடுகிறவர்கள் முழங்கால் பள்ளத்தின் நீளத்தை எடுக்காமல், கால் ஒடுங்கும் இடத்தின் நீளத்தையே எடுங்கள். போட்டுப் பார்க்கும்போது ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். பிறகு அதே ஸ்டூலில் ஒரு காலை வைத்து ஏறுவது போலச் செய்யுங்கள். நம் டவுன் பஸ் படி உயரம் தெரியுமே. மடிப்பு தொடையில் பிடித்தால் சுற்றளவு போதவில்லை, கால் விரலில் மாட்டினால் நீளம் அதிகம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் கணுக்கால் வரை விழும் அம்பர்லா கவுனைத் தவிர்த்துவிடுங்கள். துப்பட்டா மாதிரியே அதன் ஓரமும் சக்கரத்தில் மாட்டும், அது உயிர் போகும் விஷயம்.

காலில் ஒட்டுகிறது, வெளிச்சத்தில் உள்ளே தெரிகிறது

மெல்லிய மல் காட்டன், வெள்ளை, இளம் நிறங்களில் இது வரும். பாலியெஸ்டர் லைனிங் போட்டால் வெயிலில் வேர்த்து ஒட்டும், நடக்கும்போது காலோடு சுற்றிக்கொள்ளும். காட்டன் லைனிங்கோ காட்டன் ஷிம்மியோதான் போட வேண்டும். லைனிங்கின் நீளத்தையும் கவனியுங்கள். துணியை மிச்சம் பிடிக்கத் தொடையோடு நிறுத்திவிடுவார்கள். வெளிச்சத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அது இரண்டாவது மடிப்பு மாதிரி கண்ணில் உறுத்தும். மேல்துணியின் ஓரத்துக்கு இரண்டு இஞ்ச் மேலே வரை லைனிங் வர வேண்டும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடம்பு திடீர் திடீரென்று கொதிப்பவர்கள் இரட்டைத் துணியே வேண்டாம் என்பார்கள். அவர்கள் லைனிங் தேவைப்படாத கொஞ்சம் அடர்ந்த கைத்தறிக் காட்டனாக, அடர் நிறத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஓரம் மேல்நோக்கிச் சுருட்டிக்கொள்கிறது

பனியன் துணியில் மட்டும். சிங்கிள் ஜெர்சியின் கண்ணிகள் கீழ் ஓரத்தில் வெளிப்பக்கமாகச் சுருளும், அது அதன் குணம். கால் இஞ்ச் மடித்து ஒற்றைத் தையல் போட்டிருந்தால் அடங்காது. ஒரு இஞ்ச் மடித்து, இரட்டை ஊசியில் தட்டையாக விழும் பிளாட்லாக் தையல் போட்டால் அடங்கும். இரட்டைப் பின்னலான இண்டர்லாக் துணி சுருளாது.

காற்றுக்குப் பறக்கிறது

வைகாசி பிற்பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று தொடங்கிவிடும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. அந்தக் காற்றில் மெல்லிய டாப்ஸின் முன்துணி நிற்காது. ஒரு கையில் பையும் ஒரு கையில் துணியுமாக நடப்பது பெரும்பாடு. துணியை மாற்ற வேண்டாம், மடிப்பைக் கனமாக்குங்கள். அரை இஞ்ச் மடிப்பைப் பிரித்துவிட்டு, அதே துணியில் இரண்டு இஞ்ச் உள்பட்டி வைத்துத் தைத்தால் ஓரம் கனத்து நேராக விழும். சைடு ஓப்பன் உள்ளதை விட ஓப்பன் இல்லாத ஏ லைன் காற்றுக்கு நல்லது.

இதற்கு என் மனசுக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய நெகமம் காட்டன் சேலை இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். உடல் பகுதி பல துவைப்பில் மெத்தென்று ஆகியிருக்கும், சுருங்க இனி மிச்சம் இல்லை. பார்டர் மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கும். சேலையின் அகலத்தையே டாப்ஸின் நீளமாக வைத்து, பார்டர் கீழ் ஓரத்தில் வரும்படி வெட்ட வேண்டும். சேலையின் அகலம் ஏறத்தாழ 47 இஞ்ச். தோள் தையலுக்கும் கழுத்துக்கும் போக 45 இஞ்ச் வரை நீளம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பார்டரை வெட்டக் கூடாது என்பதால் கீழே எதையும் சரிசெய்ய வழியில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் மேலே, தோளில்தான் எடுக்க வேண்டும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே, நீங்கள் செருப்போடு நின்று, சேலையைத் தோளில் போட்டு, பார்டர் தரையிலிருந்து முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, தோளில் ஊசி குத்திக் குறித்துக்கொள்கிறேன். அந்தக் குறிக்கு மேலே ஒரு இஞ்ச் விட்டுவிட்டுக் கத்தரி வைத்தால் போதும்.